அழுத்தாமல், ஊறவைக்காமல் கொண்டுவரவும்

முன்னாள் மாணவர் சங்கத்துக்குச் செயலாளராவதற்குப் பெரிய தகுதி எதுவும் தேவையில்லை. தேர்தல் நடக்கும் நேரத்தில் டீ வாங்கப் போயிருந்தால் போதும். எங்கள் பல்கலைக்கழக உயிரியல் துறையின் முன்னாள் மாணவர்கள் கூடிய முதல் கூட்டத்துக்கு எட்டுப் பேர் வந்திருந்தோம். எட்டாவது ஆளான நான் டீத் தட்டோடு திரும்பியபோது மற்ற ஏழு பேரும் கைதட்டினார்கள். டீக்குத்தான் என்று நினைத்துச் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள்.

எனக்குப் பிழைப்பு பத்திரப் பதிவு அலுவலகத்தில். படித்தது விலங்கியல். கரப்பான்பூச்சியின் நரம்பு மண்டலத்தை அறுந்துபோகாமல் பிரித்து எடுக்கக் கற்றுக்கொண்டவன், இன்று பங்காளிகளின் வில்லங்கத்தை அறுந்துபோகாமல் பிரித்துக்கொடுக்கிறேன். கரப்பானே மேல். மறுநாள் வக்கீலோடு வராது.

நாங்கள் படித்த காலத்தில் உயிரியல் துறை என்ற ஒன்று கிடையாது. ஒரே வராந்தாவின் ஒரு முனையில் தாவரவியல், மறு முனையில் விலங்கியல். நடுவில் ஒரு தண்ணீர்க் குழாய், அதற்கு ஒரு நிரந்தரச் சண்டை. பிற்பாடு இரண்டையும் சேர்த்து ஒரே பலகை மாட்டினார்கள். சேர்ந்தது பலகை மட்டும்தான். இன்றைக்கும் எங்கள் சங்கத்தில் ஒருவர் வாய் திறந்தால், அவர் வராந்தாவின் எந்தப் பக்கம் என்பது இரண்டாவது வாக்கியத்தில் தெரிந்துவிடும்.

இப்போதைய துறைத் தலைவர் எனக்குப் பத்து வருடம் ஜூனியர். பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். பதவி ஏற்ற வாரமே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சார், பழைய ஸ்டூடன்ட்ஸ் நம்ம டிபார்ட்மென்டோட தொடர்புல இருக்கணும். வருசத்துக்கு ஒரு நாள் வந்து கேசரி சாப்பிட்டுட்டுப் போறதெல்லாம் தொடர்பு இல்ல."

"கேசரிக்கே வர மாட்டேங்கிறாக மேடம்" என்றேன். அது உண்மை. அச்சடித்த அழைப்பிதழ் அனுப்பிப் பார்த்தேன். மலர் வெளியிடுகிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். குடும்பத்தோடு வந்தால் வைகை அணைக்கு வேன் என்றும் ஆசை காட்டினேன். அணையைப் பார்க்க ஐந்து பேர் வந்தார்கள். அதில் மூன்று பேர் என் குடும்பம். வாட்ஸப் குழு ஒன்றும் இருந்தது. யாராவது இறந்தால் கும்பிடும் கைகள் வரிசையாக வரும். மற்ற நாளில் அமைதி.

இப்படி இருக்கையில், ஆனி மாதக் கடைசியில் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, அறுபதை நெருங்கும் வயது, விவசாயி. உத்தமபாளையம் பக்கம் வாய்க்கால் ஓரத்தில் நாற்பது மரம் உள்ள தென்னந்தோப்பு. அதை விற்பதென்றால் என்னென்ன தாள் வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். குறித்துக்கொண்டார்.

"ஆடி கழியட்டும். ஆவணி மொத முகூர்த்தத்துல முடிச்சுருவோம்" என்றார். ஆடியில் எங்கள் பக்கம் யாரும் பத்திரம் போடுவதில்லை. எங்கள் அலுவலகம் மூச்சுவிடும் ஒரே மாதம் அதுதான்.

அவருக்குப் பின்னால் நின்ற பெண்மணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பா, கரப்பானுக்கு வால் வரைஞ்சவன் நீதான?"

முப்பது வருடம் கழித்தும் ஒரு மனிதனை அடையாளம் காட்ட எது எஞ்சுகிறது பாருங்கள். என் வகுப்பில் படித்தவர். நூலகத்தில் எல்லாரும் தூங்கும் மேசையில் படித்துக்கொண்டிருப்பார். பட்டம் வாங்கிய வருடமே கல்யாணமாகிப் போனார். இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறார் என்பதே செயலாளரான எனக்குத் தெரியாது.

கணவர் படிவம் வாங்க அடுத்த அறைக்குப் போனதும், பைக்குள்ளிருந்து ஒரு தென்னை இலைக்கீற்றை எடுத்து மேசைமேல் வைத்தார். மேல்பக்கம் முழுக்க அடுப்புக்கரி பூசியதுபோல் கருப்பு.

"நாப்பதும் இப்படித்தான் நிக்குது. இளநீ வெட்டுறவன் எட்டிக்கூடப் பாக்க மாட்டேங்கிறான். மரம் செத்துப்போச்சு, வித்துருவோம்ங்கிறாக இவுக."

"தோப்பு யார் பேருல இருக்கு?"

"என் பேருலதான். மரம் நெசமாவே செத்துச்சுன்னா நானே கையெழுத்துப் போடுறேன்னு வாக்குக் குடுத்துட்டேன்." இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் வேலைக்குப் போகலை. புள்ளைக பள்ளிக்கூடம் போனப்புறம் நானே குழியளந்து, நானே நின்னு வச்ச மரம். படிச்ச படிப்புக்கு நான் செஞ்சது அது ஒண்ணுதான். அது சாகக் கூடாதுப்பா."

ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருந்தது. எனக்குத் தென்னையைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சட்னி. இலையைப் படமெடுத்து, 'நம் வகுப்புத் தோழியின் தோப்பு, என்ன நோய்?' என்று குழுவில் போட்டேன்.

செத்த குழுவென்று நான் நினைத்திருந்தது, குளவிக்கூட்டில் கல் விழுந்ததுபோல் கிளம்பியது. பாதிப்பேர் மருந்துக் கம்பெனியில் இருக்கிறார்கள், சிலர் பள்ளியில், சிலர் வாழை போடுகிறார்கள், ஒருவர் ஜவுளிக்கடை. உயிரியல் பட்டம் ஒருவருக்கும் சோறு போடவில்லை. அதனால்தானோ என்னவோ, ஒருவருக்கும் அது மறக்கவில்லை.

போடியில் மருந்துக்கடை வைத்திருக்கும் தாவரவியல்காரர் முதலில் வந்தார். "இது கரும்பூசணம். ஒன்னாங்கிளாஸ் பையன் சொல்லுவான்."

ஆண்டிபட்டிப் பக்கம் பள்ளியில் பாடம் எடுக்கும் விலங்கியல்காரர் விடவில்லை. "ஒன்னாங்கிளாஸ் பையன் மேல்பக்கம் மட்டுந்தான் பாப்பான். இலையைத் திருப்பிக் காட்டச் சொல்லு."

திருப்பிக் காட்டினேன். அடியில் வெள்ளை மெழுகால் சுருள் சுருளாகக் கோலம் போட்டிருந்தது.

"வெள்ளை ஈ. பூச்சி. எங்காளு."

"பூசணம் எங்காளு."

"உங்காளு எங்காளோட எச்சிலைத் தின்னு பொழைக்கிறவன்."

இரண்டு நாள் இப்படி ஓடியது. தண்ணீர்க் குழாய்ச் சண்டையின் அத்தனை பழைய வசவுகளும் புது மெருகோடு வந்து விழுந்தன. மூன்றாம் நாள் துறைத் தலைவர் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். இரண்டு பேர் சொல்வதும் சரிதான். வெள்ளை ஈ சாற்றை உறிஞ்சி இனிப்பாகக் கழிக்கிறது, அது கீழ் இலையில் சொட்டி அதன்மேல் பூசணம் படர்கிறது, மரம் சாகவில்லை, வெயில் கிடைக்காமல் திணறுகிறது. மருந்து அடிக்க வேண்டாம். வெள்ளை ஈயின் குஞ்சுக்குள் முட்டையிடுகிற ஒரு பொடிக் குளவி உண்டு. மருந்து முதலில் கொல்வது அதைத்தான். குளவி இருக்கும் குஞ்சு கருத்து வெறும் கூடாகிப்போகும். வேறு தோப்புகளில் அப்படிக் கருத்த இலைத்துண்டுகள் கிடைத்தால், அவற்றைக் கொண்டுவந்து இந்தத் தோப்பில் கட்டிவிடலாம்.

அவ்வளவு தெளிவாகச் சொன்னதை ஒரு சுற்றறிக்கையாக மாற்றும் பொறுப்பு எனக்கு வந்தது. இருபத்தைந்து வருட அரசுப் பழக்கம். 'மேற்படி குளவி காணப்படும் மேற்படி இலைத்துண்டுகளைச் சேகரித்து, சேகரித்தவர் பெயர், இடம், நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டுத் துறைக்கு அனுப்பி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஆடி பிறந்து ஒரு வாரம் கழித்துத் துறையிலிருந்து அழைப்பு. உடனே வரச் சொன்னார்கள். ஆய்வகத்தில் நீள மேசை நிறைய பார்சல்கள். இதுவரை எந்த அழைப்பிதழுக்கும் இத்தனை பதில் வந்ததில்லை. மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

"பிரிச்சுப் பாருங்க சார்" என்றார் துறைத் தலைவர். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

போடி மருந்துக்கடைக்காரர் அனுப்பியதை முதலில் பிரித்தேன். நாளிதழ்த் தாள்களுக்கு நடுவே வைத்து, பலகை ஏற்றி, நாலு நாள் அழுத்திக் காயவைத்து, வெள்ளை அட்டையில் நூலால் தைத்து, வலது மூலையில் சீட்டு ஒட்டி, அறிவியல் பெயருக்கு அடிக்கோடு போட்டிருந்தார். தாவரவியல் மாணவர்கள் அந்தக் காலத்தில் தேர்வுக்கு நாற்பது செடி அப்படி ஒட்டிக் கொடுக்க வேண்டும். இலை தகடுபோல் இருந்தது. குளவி அதைவிடத் தகடாக இருந்திருக்கும்.

தாவரவியல்காரர்கள் பதினோரு பேரும் அப்படியே. ஒருவர் இஸ்திரிப்பெட்டி வேறு போட்டிருந்தார்.

ஆண்டிபட்டி ஆசிரியருடையது கண்ணாடிப் புட்டி. மூடியைத் திறந்ததும் கண்ணில் நீர் கொட்டியது. ஃபார்மலின். பள்ளி ஆய்வகத்தில் தவளை கிடக்கும் அதே திரவத்தில் இலைத்துண்டு மிதந்தது. மற்ற விலங்கியல்காரர்களும் ஆளுக்கொரு புட்டி. என் பிரிவு ஆட்கள். கழுத்தில் நூல் கட்டி, மெழுகு உருக்கி அடைத்து, எந்தக் குறையும் சொல்ல முடியாது. மேகமலை எஸ்டேட்டில் மேலாளராக இருப்பவர் தென்னை இல்லாத ஊரில் இருந்துகொண்டு, சங்கத்தைக் கைவிடக் கூடாது என்று தேயிலைக் கிளை அனுப்பியிருந்தார்.

துறைத் தலைவர் இப்போது அடக்க மாட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தார். "சார், எல்லாருக்கும் முழு மார்க் போடலாம். ஒரு குளவிகூட உசிரோட இல்ல."

தப்பு அவர்களுடையது அல்ல. மூன்று வருடம் அந்த வராந்தாவில் எங்கள் கைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான்: கிடைத்ததைக் கொன்று, கெடாமல் வைத்து, பெயர் எழுது. உயிரோடு அனுப்பு என்று ஒரு வார்த்தை நான் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருந்தால் 'மேற்படி உயிர்' என்று எழுதியிருப்பேன்.

அன்று சாயங்காலமே தோழியின் அழைப்பு. "இவுக மருந்து வாங்கிக் கலக்கி வச்சுட்டாக. காலைல அடிக்கப் போறாக."

"அடிச்சா எல்லாம் போச்சு. ஞாயித்துக்கிழமை வரைக்கும் நிறுத்தி வையி."

"நிறுத்தித்தான் வச்சிருக்கேன். தெளிப்பான் மூக்கைக் கழட்டி அரிசி டின்னுக்குள்ள போட்டுட்டேன். அவுக அது மேட்டுத்தெரு மெக்கானிக் கிட்ட இருக்குன்னு போயிருக்காக. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பழைய சோறுதான்ப்பா. டின்னை நான் தொறக்க முடியாது."

இரண்டாவது சுற்றறிக்கையில் மேற்படி இல்லை. 'இலையை அழுத்தாமல், ஊறவைக்காமல், பறித்த அன்றே, நீங்களே கொண்டுவரவும். ஞாயிறு காலை, தோப்பு.' வழி சொல்லி, வாய்க்கால் பாலத்தின் படத்தையும் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்குப் பாலத்தில் நான் மட்டும் நின்றேன். ஆடிக்காற்று வேட்டியை என்னிடமிருந்து பறிக்கப் பார்த்தது. எட்டரைக்கு ஒரு பஸ் நின்றது. முதலில் இறங்கியது ஒரு முழுத் தென்னைமட்டை. பிறகு அதைப் பிடித்திருந்த ஆள். லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை பார்க்கும் தாவரவியல்காரர். 

"துண்டுதானடா கேட்டோம்."

"எந்தத் துண்டுல குளவி இருக்குன்னு எனக்கெப்படிரா தெரியும்? மட்டைக்குத் தனியா லக்கேஜ் டிக்கெட் போட்டான் கண்டக்டர். பக்கத்து சீட்டு மலையாளத்து அம்மா, 'எந்தக் கோயிலுக்கு'ன்னு கேக்குறாக. தோரணம்னு சொல்லிட்டேன்."

அடுத்த பஸ்ஸில் நாலு பேர். அப்புறம் மொபெட்டுகள், கார், ஒரு மினி லாரி. சாப்பாட்டு டப்பாவில் ஓட்டை போட்டு ஒருவர், குழந்தையின் கொசுவலைக்குள் ஒருவர், போடிக்காரர் ஈரத்துணி சுற்றி மடியில் ஏந்திக்கொண்டு. தேயிலைக்காரர் மலைப்பாதையில் குலுங்கி இறங்கி, சின்னமனூரில் யாருடைய தோப்பிலோ கேட்டு வாங்கி வந்திருந்தார். இருபத்து மூன்று பேர். எண்ணி முடித்ததும் இன்னொரு தடவை எண்ணினேன், சந்தோஷத்துக்காக.

துறைத் தலைவர் மாணவர்களோடு வேனில் வந்து, பம்ப்செட் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் நுண்நோக்கிகளை வரிசையாக வைத்தார். வழுக்கை விழுந்தவர்கள் எல்லாம் வரிசையில் நின்றார்கள்.

"ஏலே, எனக்கு ஒண்ணுமே தெரியலையே."

"கண்ணைத் தொறந்துக்கிட்டுப் பாரு. பரீட்சையிலயும் நீ மூடிக்கிட்டுத்தான பாத்த."

"நகருப்பா, சுகர் மாத்திரை போடணும், நான் மொதல்ல பாத்துட்டுப் போறேன்."

தோழியின் கணவர் தோளில் துண்டோடு சற்றுத் தள்ளி நின்றார். மருந்து டிரம் அவர் காலடியிலேயே இருந்தது. "பூச்சியை ஒழிக்கிறதுக்குப் பூச்சியவே பஸ்ஸேத்திக் கூட்டியாந்திருக்கீக" என்றார் என்னிடம். "நல்ல படிப்புதான்."

"ஒரு வாட்டி பாருங்கண்ணே."

குனிந்து பார்த்தார். நேரமாகியது. கருத்த கூடு ஒன்றின் மேல் தூசியளவில் ஒன்று நடந்துகொண்டிருந்தது.

"இதா குளவி? கொட்டுமா?"

"மனுசரைக் கொட்டாது."

"அப்புறம் என்னத்துக்குக் குளவின்னு பேரு" என்றார். ஆனால் அடுத்த நுண்நோக்கிக்கும் போய்ப் பார்த்தார்.

நல்ல துண்டுகளைப் பிரித்தெடுத்து, ஒன்றுவிட்டு ஒரு மரத்தில், மரத்துக்கு இவ்வளவு என்று கட்ட வேண்டும். கட்டுவதைவிட ஸ்டேப்ளர் அடிப்பது சுலபம் என்று கண்டுபிடித்தது நான். உயிரியலுக்கு என் வாழ்நாள் பங்களிப்பு அதுதான். அலுவலகத்தில் நாளெல்லாம் அடித்துப் பழகிய கை. ஒரு துண்டும் கிழியவில்லை. என் ஏணியைப் பிடித்துக்கொண்டது போடிக்காரர். வராந்தாவின் அந்த முனையை நம்பி நான் ஏணி ஏறியது அதுதான் முதல் தடவை. கீழேயிருந்து, "எங்காளு மேல பின் அடிச்சுறாத" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

தோழி ஒரு நோட்டோடு மரம் மரமாகப் போய் எண் எழுதினார். பதினேழாம் மரத்தடியில் துறைத் தலைவர் ஏதோ கேட்க, தோழி வெள்ளை ஈயின் வாழ்க்கைச் சுழற்சியை முட்டையிலிருந்து ஆரம்பித்து மாணவர்களுக்குச் சொன்னார். இத்தனை நாளும் உட்கார்ந்து படித்திருக்க வேண்டும். நாங்கள் ஆங்காங்கே ஏணிகளில் நின்றபடி கேட்டோம். கணவரும் கேட்டார். முடிந்ததும் டிரம்மை உருட்டிக்கொண்டுபோய் மோட்டார் ரூமுக்குள் வைத்துப் பூட்டினார்.

மதியம் தக்காளிச் சோறும் அவித்த முட்டையும். டின் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

அதற்குப்பின் வாராவாரம் மாணவர்கள் வந்து கருத்த கூடுகளை எண்ணினார்கள். அவர்களுக்குத் துணை என்று சொல்லிக்கொண்டு எங்கள் ஆட்கள் முறைபோட்டு வந்தார்கள். முறை இல்லாதவர்களும் வந்தார்கள். குழுவில் ராத்திரி பகல் இல்லாமல் ஒரே கேள்வி: கருத்துச்சா? முதல் வாரம் இல்லை. இரண்டாம் வாரம் இல்லை. மூன்றாம் வாரம் எனக்கு ஆய்வுக்கூட்டம், போக முடியவில்லை. அன்றைக்குப் பார்த்து அங்கே சிக்னலும் கிடைக்கவில்லை.

மறுநாளே ஆவணி முதல் முகூர்த்தம். அலுவலகத்தில் கால் வைக்க இடமில்லை. டோக்கன் வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடியில் மஞ்சப்பை. தோழி கூட வரவில்லை. நான் தலைகுனிந்து பத்திரங்களைப் புரட்டினேன். எதையும் படிக்கவில்லை.

அவர் முறை வந்தது. பைக்குள் கைவிட்டு எடுத்தார். இலை.

"இது கருத்திருக்கா, காஞ்சிருக்கா? அவ கருத்திருக்குங்கிறா. எனக்கு நம்பிக்கை இல்ல."

பழைய பத்திரத்தில் மங்கிப்போன சர்வே எண்ணைப் படிக்க ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறோம். அதை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைச் சுருளுக்கு நடுவே வரிசையாகக் கருத்த கூடுகள். பாதிக்கூடுகளின் முதுகில் ஊசி குத்தியதுபோல் வட்டமான ஓட்டை. கண்ணாடியை அவரிடம் கொடுத்தேன்.

"ஓட்டை இருக்கே. ஓடிப்போயிருச்சா?"

"ஆமாண்ணே. அடுத்த இலைக்கு."

"நீங்க துண்டு கட்டுன மரத்துல இல்ல இது. கட்டாத மரம்." வெகுநேரம் பார்த்தார். பின்னால் ஒருவர் டோக்கனை ஆட்டிக் காட்டினார். "குருத்தும் சுத்தமா வருது."

"அப்ப பத்திரம்?"

"யாரு கையெழுத்துப் போடுவா? மரம் சாகலை, போட மாட்டேன்னுட்டா." இலையைப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். "அதுவும் சரிதான். சாகலை."

எழுந்துபோவார் என்று பார்த்தேன். போகவில்லை. "பக்கத்துத் தோப்புக்காரக நாலு பேரு துண்டு கேக்குறாக. என்ன ஏதுன்னு என்னையக் கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. அவகிட்டக் கேட்டா, படிச்சுட்டு வாங்கங்கிறா. உங்க குரூப்புல என்னையும் சேத்துவிடுங்க."

துறையில் படித்தவர்கள் மட்டும் என்பது சங்க விதி. நானே எழுதியது, மூன்று மேற்படிகளோடு. முகூர்த்த நேரத்தில், வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் எண்ணை வாங்கிச் சேர்த்தேன். அவர் அங்கேயே நின்று, மிக மெதுவாக, அந்த இலையின் படத்தைப் போட்டார். என் மேசையில் போன் துள்ள ஆரம்பித்தது. லோயர் கேம்ப், சின்னமனூர், மேகமலை. ஆண்டிபட்டி ஆசிரியர் ஓட்டைகளை எண்ணி அனுப்பினார். போடிக்காரர் மட்டும் புது எண்ணைக் கண்டு கேட்டிருந்தார்: "நீங்க எந்த வருச பேட்ச்?"

அவர் படியில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார். பதில் சற்றுத் தாமதித்து வந்தது.

"இந்த வருசம். ஆடி."